வாங்க என்று சொல்லாதவர்

என் கணவர் ஒரு கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வரமாட்டார். "போய்ட்டு வாறன்" என்று கடைக்காரருக்கு ஒருமுறை, சாமானை எடுத்துக் கொடுத்தவருக்கு ஒருமுறை, வாசலில் சும்மா குந்தியிருப்பவருக்கு ஒருமுறை. வங்கியில் காவலாளிக்குச் சொல்வார். முடி வெட்டும் இடத்தில், அடுத்த கதிரையில் முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு கண்ணை மூடிக் கிடப்பவருக்கும் சொல்வார். அந்த மனிதர் யாரென்று கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் இவர் சைக்கிளில் ஏறியிருப்பார். ஒரு கலியாண வீட்டிலிருந்து இவரை வெளியே எடுப்பதென்றால் முக்கால் மணித்தியாலம் வேண்டும். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பேன்.

தபால்காரராக இருந்தவர். நாவற்குடாவிலும், அதைத் தாண்டிக் காத்தான்குடியிலும், பிறகு சில காலம் மட்டக்களப்பு டவுனுக்குள்ளும் கடிதம் கொடுத்தவர். எல்லா வீட்டு வாசல் படலையிலும் சொல்லிக்கொண்டுதான் நகர்வார். காத்தான்குடியில் முஸ்லிம் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் "வாறன் காக்கா, வாறன் ராத்தா." டவுனில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் "கிஹில்லா என்னங்." அதுவும் போய்விட்டு வருகிறேன் என்பதுதான். எந்த மொழியிலும் 'போகிறேன்' என்று வெறுமனே சொல்லிவிட்டு நகர இந்த நாட்டில் யாருக்கும் மனம் வராது. வருகிறேன் என்பதையும் சேர்த்துக் கட்டிவிட்டால்தான் கால் எழும்பும்.

இது வெறும் பழக்கமில்லை என்பது கலியாணம் முடித்துச் சில மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது. குருக்கள்மடம் என்ற ஊரில் இவருடைய வீட்டில் இவருக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஒரு நாள் காலை, தாய் அடுப்படியில் புகைக்குள் நின்றிருக்கிறார். மூத்தவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சொல்லாமல், ரோட்டுக்கு ஏறியிருக்கிறார். அது எப்படிப்பட்ட காலம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. என் மாமியார் தன் கடைசி நாள் வரைக்கும் ஒரே ஒரு வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "சொல்லிட்டுப் போயிருந்தா வந்திருப்பான்." அதைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர் இவர். அதைக் கேட்ட பிறகு, கலியாண வீட்டு வாசலில் நான் பல்லைக் கடிப்பது கொஞ்சம் குறைந்தது. முழுதாக நின்றது என்று சொன்னால் பொய்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் முப்பது வருடம் மாற்றினேன். கடிதங்கள், சுற்றறிக்கைகள், அறிவித்தல் பலகைகள். பலகைகளில் எழுத்துப் பிழை கண்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். பஸ்ஸில் போகும்போதும் திருத்திக்கொண்டே போவேன், பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கி இருப்பார்கள். 'கருணாகரலா' என்று வந்தால் 'தயவுசெய்து' என்று போடுவேன். 'ஸ்தூதியி' என்று வந்தால் 'நன்றி' என்று போடுவேன். "தயவுசெய்து வாவியில் குப்பை கொட்டாதீர்கள்" என்ற பலகை ஒன்று கனகாலம் கரையில் நின்றது. அது என் கைவேலை. அதன் காலடியில்தான் ஊரின் அத்தனை குப்பையும் கிடந்தது. ஆனாலும் இந்த நாட்டின் மரியாதைச் சொற்கள் எல்லாம் என் கைக்குள் அடக்கம் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அது கரையவில்லை.

இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. எத்தனையோ வருடம் வெயிலில் சைக்கிள் மிதித்த கால். வலது காலில் சின்ன விரலில் ஒரு கொப்புளம் வந்தது. அதை எனக்கு மறைத்து, காலுறை போட்டு, மூன்று கிழமை திரிந்தார். நான் கண்டுபிடித்தபோது விரல் கறுத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்தார்கள். ஒரு கிழமையில் புண் ஆறத் தொடங்கியது. பெரிய டொக்டர் வந்து பார்த்து, துண்டு வெட்டச் சொல்லிவிட்டார். துண்டு வெட்டுவது என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு அனுப்புவது. சிங்களத்தில் அதையே டிக்கட் வெட்டுவது என்பார்கள். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் காதுக்கு அதைவிட இனிமையான சொல் கிடையாது.

துண்டு கைக்கு வந்ததும் இவர் எழும்பினார். இடுப்புச் சறத்தை இறுக்கிக் கட்டினார். ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் கட்டிலில் தொடங்கினார்.

"போய்ட்டு வாறன் தம்பி. போய்ட்டு வாறன் ஐயா. வாறன் காக்கா."

நான் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதற்குள் ஆறு கட்டில் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அங்கிருந்து போகிறவர் திரும்பி வருகிறேன் என்றால் எதற்கு வருவது? வருத்தத்தோடுதானே வரவேண்டும்? போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசாமல் போய்விட வேண்டும். இவருக்கும் அது தெரியும். ஆனால் வாய் அறுபத்தெட்டு வருடம் பழகிய வாய்.

வாட்டே கலங்கிவிட்டது. காத்தான்குடிக் காக்கா ஒருவர், வயிற்றில் பெரிய கட்டோடு படுத்திருந்தவர், தலையைத் தூக்கி, "அல்லாவே, வராதங்க! போங்க, போங்க, திரும்பிப் பாக்காமப் போங்க!" என்று கத்தினார். இன்னொருவர், "இஞ்ச வந்திராதங்க ஐயா, உங்கட மூஞ்சய இனி இஞ்ச காணக்கூடா" என்றார். மருந்துத் தள்ளுவண்டியோடு நின்ற மிஸ்ஸி தெற்கிலிருந்து வந்த சிங்களத் தாதிப் பிள்ளை. கையைத் தலையில் வைத்தாள். "அனே மஹத்தயா, எஹெம கியன்ன எபா!" ஐயோ ஐயா, அப்படிச் சொல்லாதீர்கள் என்கிறாள். தங்கள் ஆட்களும் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லமாட்டார்கள் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னாள்.

நான் அசந்துபோனேன். முப்பது வருடம் இரண்டு மொழிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இது எனக்குத் தெரியாது. எந்தச் சுற்றறிக்கையிலும் இது வரவில்லை. எல்லா வீட்டிலும் சொல்லவேண்டிய சொல்லை எந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று இரண்டு சனமும் எப்போதோ ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. "வராதங்க, போங்க" என்று முகத்துக்கு நேரே விரட்டுவதைவிடப் பெரிய ஆசீர்வாதம் அந்த வாட்டில் இல்லை. அதை நினைத்து எனக்கு அன்று முச்சக்கரவண்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உடம்பு சிலிர்த்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் அந்தச் சிலிர்ப்பெல்லாம் போய்விட்டது. புண் மணக்கத் தொடங்கிக் காய்ச்சல் அடித்தது. அதே ஆஸ்பத்திரி, அதே வாட்டு. இந்தமுறை டொக்டர்மார் விரலைப் பற்றிக் கதைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரலாம் என்றார்கள்.

நான் மெதடிஸ்ட் கோயிலில் ஞாயிறு தவறாமல் இருக்கிறவள். சகுனம் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவள். ஆனால் அன்று, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் பேசிய பேச்சு ஒரு கிறிஸ்தவப் பெண் பேசும் பேச்சல்ல.

"உங்கட வாய்தான்! ஊரெல்லாம் வாறன் வாறன் எண்டு திரிஞ்ச வாய். இப்ப வந்திட்டம்தானே. சந்தோசமா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "சரி புள்ள. இனி இந்த வாட்டுல நான் வாய் திறக்க மாட்டன். துண்டு வெட்டினாலும் சொல்ல மாட்டன். ஆரு போனாலும் சொல்ல மாட்டன்" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்தச் சத்தியத்தை வாங்கியது நான்தான் என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

இரண்டாம்முறை போனபோது பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவர் இருந்தார். மஹாஓயாவுக்கு அங்கால் வயல் செய்கிற சிங்கள மனிதர், இவருடைய வயதுதான் இருக்கும். வயிற்றுக்குள் ஏதோ வளர்ந்திருந்தது. அவருக்கும் அவர் மனைவிக்கும் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மிஸ்ஸிமாரில் பலருக்குச் சிங்களம் கொஞ்சம்தான் ஓடும். ஆகவே பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் என்னை நிற்க விட்டார்கள். சாப்பிட்டாரா, வெளிக்குப் போனாரா, எங்கே நோகிறது. பெரிய பெரிய சுற்றறிக்கைகளையெல்லாம் மாற்றியவள் அந்தக் கட்டிலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவில் நின்று இதை மாற்றினேன். அந்தக் கிழமைகளில் செய்த வேலைக்கு ஈடாக என் முழு உத்தியோகத்திலும் ஒன்றுமில்லை.

அந்த அம்மாவும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முதல் வார்த்தை 'கேவத?' என்பதுதான். சாப்பிட்டீங்களா? காலையில் அவர் என்னைக் கண்டதும் கேட்பார், பின்னேரம் நான் அவரைக் கேட்பேன். சாப்பிட்டிருக்கமாட்டோம், இருவருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் சாப்பிட்டாயிற்று என்று சொல்லுவோம். எங்கள் வீட்டு மீன்குழம்பும் சோறும் ஒரு பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் அந்தப் பெட்டி கழுவித் துடைத்து, இரண்டு தோடம்பழத்தோடு வந்தது. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க எங்கள் கைக்கும் வராது. நான் அதில் கொழுக்கட்டை வைத்தேன். அது கஜு போட்ட கித்துள் கருப்பட்டி அல்வாவாக வந்தது. அவருடைய கணவரைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் கட்டிலுக்கும் வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

ஒரு நாள் வீட்டில் அந்தப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தட்டியது. இத்தனை நாளில் அந்த அம்மா என்னிடம் ஸ்தூதியி என்று சொல்லவில்லை. நானும் நன்றி என்று சொல்லவில்லை. என் கையால் ஆயிரம் தடவை எழுதிய அந்த இரண்டு சொற்களும், தேவைப்பட்ட இடத்தில், எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவேயில்லை. 'தயவுசெய்து'வும் வரவில்லை. அவர் "இதைப் பிடியுங்கோவன்" என்பது போல ஒரு குரலில் பெட்டியை நீட்டுவார், இரண்டு கையாலும். நான் இரண்டு கையாலும் வாங்குவேன். அதோடு முடிந்தது. நான் குழாயைத் திறந்து விட்டபடி கனநேரம் அப்படியே நின்றேன். கடவுளே, நான் முப்பது வருடம் எந்த நாட்டுக்குப் பலகை எழுதினேன் என்று தோன்றியது.

இரண்டு ஆண்களும் எப்படிக் கதைத்தார்களோ எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்தது தபால்காரச் சிங்களம்: கடிதம் இருக்கு, கையெழுத்துப் போடுங்க, நாய் கடிக்குமா. அதை வைத்து இவர் எப்படியோ வயலைப் பற்றி, யானையைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைத்தார். அவர் இவரைத் 'தபால் மஹத்தயா' என்றுதான் கூப்பிடுவார். இவருடைய காலைத் துப்புரவாக்க வரும்போது, வேதனையில் இவர் முகம் சுருங்கும்போது, அவர் அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி இவருடைய கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். என் கணவருக்குத் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லச் சிங்களம் போதாது. என்னிடம் மாற்றித் தரச் சொன்னார். நான் மாற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் ஊரிலும் அப்படிப் போனவர்கள் உண்டு என்று மட்டும் சொன்னார்.

இவருடைய கால் தப்பியது. புது மருந்து பிடித்துக் காய்ச்சல் விட்டது. ஆனால் பக்கத்துக் கட்டில்காரரின் வருத்தம் அப்படி விடவில்லை. கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பும் டொக்டரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு நாள் முற்பகல் தள்ளுகட்டில் வந்தது. அவரை அதில் மாற்றினார்கள். அந்த அம்மா பைகளோடு பின்னால். கட்டில் எங்கள் பக்கம் திரும்பியபோது அவர் தலையைத் தூக்கி இவரைப் பார்த்தார். பிறகு வாட்டு முழுவதையும் ஒருமுறை பார்த்தார். தெளிவான குரலில் சொன்னார்:

"எஹெனங் மங் கிஹில்லா என்னங்."

அப்படியென்றால் நான் போய்விட்டு வருகிறேன்.

யாரும் திட்டவில்லை. யாரும் வராதீர்கள் என்று விரட்டவில்லை. போகிற இடம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் இந்த வாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, உயிரோடு வருகிறேன் என்று சொல்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். முதலில் அந்தக் காக்காதான் சொன்னார்: "போய்ட்டு வாங்க." பிறகு ஒவ்வொரு கட்டிலாக. "போய்ட்டு வாங்க ஐயா." "சுகமாப் போய்ட்டு வாங்க." தெற்கத்தி மிஸ்ஸி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிஹில்லா என்ன," போய்விட்டு வாங்க என்று. சிங்களமே தெரியாத துப்புரவுத் தொழிலாளிப் பெண்ணும் அந்தச் சொல்லை எங்கோ பொறுக்கி எடுத்து, "கிஹில்லா என்ன மஹத்தயா" என்றாள். அந்த இடத்தில் விலக்கி வைத்திருந்த சொல்லை எல்லோரும் அந்த மனிதருக்காக வெளியே எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஆயுளில் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு அப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

அவர் என் கணவரைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்தார்.

என் கணவர் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரைப் பார்ப்பது போல. என் கை அவருடைய மணிக்கட்டில் இருந்தது. நான் அதை இறுக்கிப் பிடித்தேன். அவருடைய கால் மட்டும்தான் என் கண்ணுக்குள் நின்றது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத கால். அவர் வாயை மூடினார். இரண்டு கையையும் கூப்பி நெற்றிக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான். தள்ளுகட்டில் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

பத்து நாளில் இவருக்குத் துண்டு வெட்டினார்கள். இந்தமுறை ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தார். காக்கா கட்டிலில் இருந்தபடி கைதட்டினார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. முற்றத்து மாமரத்தடியில் கட்டுப்போட்ட காலை ஒரு வாங்குப் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். திடீரென்று, "வாட்டுல எல்லாரும் சொன்னாங்க. நான்தான் சொல்லல்ல" என்பார். இன்னொரு நாள், "என்னப் பாத்துத்தானே சொன்னவரு. அதுக்கு ஒரு மறுமொழி இல்லாமப் போயிட்டாரு" என்பார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். அவர் சொல்லவில்லை. தாயின் அந்த ஒரே வசனம் இப்போது இவருடைய வாயில் வேறு உருவத்தில் உட்கார்ந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது என் கை.

அந்த அம்மாவின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. எடுத்தேன். ஐயா நித்திரை என்றார். இன்னொரு நாள் எடுத்தேன். கதைக்க ஏலாது என்றார். நீங்கள் அவர் காதுக்குள்ளாவது சொல்லுங்கள், 'போய்ட்டு வாங்க' என்று தபால் மஹத்தயா சொன்னார் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அங்கிருந்து எங்கே வருவது? அந்தச் சொல்லை எந்தப் பக்கம் வைத்துக் கொடுப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்! போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் கிழமை அவர்களுடைய மகன் எடுத்தான். அப்பா போய்விட்டார், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றான்.

அடுத்த நாள் விடியவே நாங்கள் வெளிக்கிட்டோம். டொக்டர் நடக்க வேண்டாம் என்றிருந்தார். "நான் போகத்தான் வேணும் புள்ள" என்றார் இவர். ஊன்றுகோலும் கட்டுப்போட்ட காலுமாக இவரை பஸ்ஸில் ஏற்றினேன். செங்கலடியில் இறங்கி பதுளை ரோட்டு பஸ். கரடியனாறு தாண்ட, இரண்டு பக்கமும் வயல் வட்டை பச்சையாக விரிந்து கிடந்தது. பிறகு காடு. மஹாஓயாவில் முச்சக்கரவண்டி பிடித்தோம். வெள்ளைக் கொடி கட்டிய ஒழுங்கைக்குள் வண்டி திரும்பியபோது இவர் என் கையைப் பிடித்தார்.

"இழவு வீட்டுல என்ன சொல்றது? அவங்கட பாசையில?"

"ஒண்டும் சொல்லத் தேவையில்ல. கும்பிடுங்க."

"எழும்பி வரக்குள்ள?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்த வீட்டுக்கு அப்படி ஒரு காரியத்துக்குத் திரும்பி வருவதாக யாரும் சொல்லக்கூடாது. அவர்களிடம் எப்படியோ? சொல்லாமல் எழும்பி வந்தால் மரியாதை தெரியாத தமிழர்கள் என்று நினைப்பார்களோ? ஏற்கெனவே ஒரு மரியாதைக் கடன் அந்த மனிதருக்கு நிற்கிறது. இன்னொன்றா?

வீட்டுக்குள் அவர் வெள்ளை உடுப்பில் கிடந்தார். முகம் சுருங்கி, சின்னதாக. என் கணவர் பக்கத்தில் போய் நின்று கையைக் கூப்பினார், அன்று போலவே. சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் இவருடைய கட்டில் கம்பியைப் பிடித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த அம்மா எழுந்து வந்தார். வெள்ளைச் சேலை. அழுது முடித்த கண். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனால் இவரைப் பார்த்தபடி, சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். கொஞ்சம் சொல்லுவார், நிறுத்துவார். நான் மாற்றுவதற்காக நிறுத்துகிறார் என்று எனக்கு விளங்கியது. அந்த வாட்டில் எங்களுக்குள் இருந்த பழக்கம்.

"அம்புலன்சில ஏத்தினதும் அவரு சிரிச்சவராம்" என்றேன் நான்.

என் கணவர் தலையைத் திருப்பினார்.

"பழக்க தோசத்துல கிஹில்லா என்னங் எண்டு வாய் வழுக்கிட்டு எண்டு சொன்னவராம். ஆஸ்பத்திரியில போய் அதச் சொல்லிட்டனே எண்டு வெக்கப்பட்டவராம்."

அந்த அம்மா காத்திருந்தார். தொடர்ந்து சொன்னார். நான் கேட்டேன். கேட்டுவிட்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. முப்பது வருடத்தில் எந்த வசனத்துக்கும் நான் அப்படித் திணறியதில்லை. என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லு புள்ள."

"வாட்டுல எல்லாரும் வாங்க வாங்க எண்டு சொல்லிட்டாங்களாம். அவங்களும் பாவப்பட்டுச் சொன்னவங்கதானாம். ஆனா தபால் மஹத்தயா மட்டும் வாங்க எண்டு சொல்லல்லையாம். கையை மட்டும் கூப்பினவராம். வாயில வந்த சொல்லை அவரு விழுங்கினத நான் கண்ணால கண்டன் எண்டு சொன்னவராம். நான் இனி ஆஸ்பத்திரிக்கு வரப்படாது எண்டு நினைச்ச மனிசன் அவரு ஒருத்தர்தான் எண்டு, கண்டி போற வரைக்கும், அதையே சொல்லிச் சொல்லிக்கொண்டு போனவராம்."

என் கணவர் பெட்டியின் விளிம்பில் இருந்த கையை எடுத்து, முகத்தை ஒருமுறை துடைத்தார். அந்த அம்மா தலையை அசைத்தார், நான் சரியாக மாற்றியிருக்கிறேன் என்பதுபோல.

எனக்கு அந்த இடத்தில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை. நாங்கள் பயத்தில் மூடிய வாயை அவர் அத்தனை பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எங்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. நாங்கள் கொடுக்கவில்லை, அவர்தான் வாங்கிக்கொண்டார். சோற்றுப் பெட்டியை வெறுமையாகத் திருப்பாத கை அது.

பகல் திரும்பியதும் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதான மனிதர் எழும்பினார், சால்வையை உதறினார், யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். இரண்டு பெண்கள் எழும்பினார்கள், பேசாமல் போனார்கள். அந்த அம்மாவின் தங்கையோ யாரோ, அழுதுகொண்டிருந்தவள், அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினாள். யாரும் யாரையும் வழியனுப்பவில்லை. வீட்டுக்காரர்கள் தலையை நிமிர்த்தவில்லை. நான் என் கணவரின் முழங்கையைத் தொட்டேன். நாங்களும் எழும்பினோம். சொல்லாமல் நடந்தோம். வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே, முன்னும் பின்னும் அந்த ஊர்ச் சனத்தோடு சேர்ந்து, எல்லோரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டு நடந்தோம். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் யன்னல் பக்கம் இருந்தார். வட்டை தெரியத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் அண்டைக்குச் சொல்லாமப் போனது…"

நிறுத்தினார்.

"அம்மா அடுப்படியில புகைக்குள்ள நிண்டவ. இருமிக்கொண்டு நிண்டவ. கூப்பிட்டுச் சொன்னா, வேலைய விட்டிட்டு படலைக்கு வரணும். அதுக்காகச் சொல்லாமப் போயிருப்பாரு. நல்ல மனிசன் புள்ள, அண்ணன்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அண்ணனைப் பற்றி இவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். இந்தமுறை இறுக்கிப் பிடிக்கவில்லை.

நாவற்குடாவில் இறங்கும்போது பஸ்ஸில் நல்ல சனம். ஊன்றுகோலை முதலில் இறக்கி, நல்ல காலை இறக்கி, கட்டுப்போட்ட காலை இறக்கி, நிலத்தில் நின்றதும் இவர் திரும்பி, வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கொண்டக்டரைப் பார்த்தார்.

"போய்ட்டு வாறன் தம்பி."

"சரி ஐயா, வாங்க" என்றான் அவன். பஸ் போய்விட்டது.